மைக் முன் மாம்பழக் கூழ்: பவணந்தியார் வழியில் ஒரு கள ஆய்வு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வகுத்தார். அவர் காலத்தில் மைக் இல்லை; பட்டியல் பத்தோடு நின்றது. அக்குற்றங்கள், சொந்தச் சரக்கைப் பற்றிப் பேசும் வியாபாரிகளிடம் எந்த நிலையில் உள்ளன என்பதே ஆய்வுப்பொருள். களம், சித்தூரும் திருப்பதியும். தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் படியும் ஊர்கள், பேச்சுக்குப் பஞ்சமில்லை.

முதல் மாதிரி, சித்தூர் மாம்பழக் கூழ் ஆலை முதலாளி ஒருவர். எதிரே வெளியூர்க் கொள்முதல்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்று விவரம்: சரக்கு தோத்தாபுரியா அல்போன்சாவா, பிரிக்ஸ் எனும் இனிப்பளவு எவ்வளவு (தோத்தாபுரிக்கு 14 குறையக்கூடாது என்பார்கள்), 215 கிலோ டிரம் என்ன விலை. முதலாளி "ஹலோ, கேக்குதா?" என்றார். கேட்டது. அதற்குப்பின் மேடையிலிருந்த அத்தனை பேரும் தனித்தனியே 'அவர்களே' ஆனார்கள். தாத்தா முதல் மாங்கன்று நட்ட வரலாறு வந்தது: மற்றொன்று விரித்தல். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரையில் இருந்ததையே வாசித்தார்: கூறியது கூறல். "சுருக்கமா முடிச்சுக்கறேன்" என்பதை மட்டும் சுருக்காமல் பலமுறை சொன்னார், பேச்சு தேய்ந்து தேய்ந்து நின்றது: சென்று தேய்ந்திறுதல். விலை வரவேயில்லை: குன்றக் கூறல். போண்டா வந்தது, நின்று பயனின்மை ஐயமற நிறுவப்பட்டது.

இரண்டாம் மாதிரி, திருமலையில் மொட்டைத் தலைகளுக்குத் தொப்பி விற்பவர். இவர் முதலில் வாயைத் திறப்பதில்லை, காதைத் திறக்கிறார். "டேய், வெயில்ல நிக்காதே" என்று ஒரு தாய் அதட்டியதும், "அக்கா, கொழந்தைக்குச் சின்ன சைஸ் இருக்கு" என்கிறார். சந்தனம் காயாத தலையில் தொப்பி ஏறிவிடுகிறது. "சந்தனம் ஒட்டுமேப்பா?" "தொவைச்சாப் போயிடும்க்கா. அம்பது ரூபா." அவ்வளவுதான் உரை. பிறகு கணவனும் மனைவியும் தங்களுக்குள் வாதாடுகிறார்கள், இவர் குறுக்கிடுவதில்லை. பையன் தொப்பியைக் கழற்ற மறுக்கிறான். பத்தில் ஒரு குற்றமும் தென்படவில்லை.

மேடைப் பேச்சு வகுப்பு நடத்துவோர் பயத்தைப் போக்கவே காசு வாங்குகிறார்கள். பயமே குறை என்பதை இவ்வாய்வு ஏற்கவில்லை. கூழ் முதலாளிக்குப் பயம் துளியும் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் தாத்தாவாவது தப்பியிருப்பார். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. முதலாளி நேரே 73இல் சேர்ந்தவர். தொப்பிக்காரர் 72ஐ நடைபாதையிலேயே முடித்தவர்.

ஆய்வின் குறை ஒன்றுண்டு. மாலையும் பொன்னாடையும் போட்டு மேடையேற்றினால் தொப்பிக்காரரும் தாத்தாவில் தொடங்குவாரா என்பது சோதிக்கப்படவில்லை. அதற்காக அவரை அணுகியபோது, ஆய்வாளரின் தலையை ஒருமுறை பார்த்தார். முடி இருந்தது. அடுத்த ஆளிடம் போய்விட்டார்.