குடத்தை நல்லாக் குலுக்குங்கோ!

நிகழ்தகவு நடத்துகிற வாத்தியார்கள் எல்லாரும் ஒரே குடத்தை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டுகிறார்கள். உள்ளே சிவப்புப் பந்து ஐந்து, நீலப் பந்து மூன்று. குடம் யாருடையது, பந்தை ஏன் உள்ளே போட்டார்கள், போட்டவனே ஏன் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப எடுக்கிறான் என்று ஒரு மாணவனும் கேட்பதில்லை. இந்தக் குடத்தைப் பிரபலமாக்கியவர் யாக்கோப் பெர்னூலி. 3000 வெள்ளைக் கூழாங்கல், 2000 கறுப்பு என்று போட்டு அவர் எழுதிய புத்தகம் 1713-ல் வெளிவந்தது; மனிதர் போய்ச் சேர்ந்தே எட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டில் கார் ஏற்றிய டிரெய்லர்களிடமிருந்து தப்பி, வாலாஜாபாத் தாண்டி, பாலாற்றையும் கடந்தால் உத்திரமேரூர். அங்கே பெர்னூலியின் புத்தகத்துக்கு ஏறக்குறைய 800 வருஷம் முன்பே குடத்துக்குள் கையை விட்டாகிவிட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர் நிர்வாகக் குழுக்களுக்குக் குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆள் தேர்ந்தெடுக்கும் விதிமுறைகளைச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். அதற்கும் முன்னோடி உண்டு. போர்க்களத்தில் பிணத்தின் குடலைக் கழுகு இழுப்பதற்கு உவமையாக, கயிறு கட்டிய குடத்தைப் பிரித்து ஓலை எடுப்பவர்களைச் சொல்கிறது அகநானூறு. தேர்தல் பற்றித் தமிழில் வந்த முதல் அரசியல் விமர்சனம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊர் 30 குடும்பு, நம் கணக்கில் 30 வார்டு. குடும்புக்கு ஓர் ஆள். தேறிய 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். ஓட்டு கிடையாது, எனவே பிரியாணியும் கிடையாது.

ஆனால் பெயரெழுதிய ஓலை குடத்துக்குள் போவதற்குள் தாவு தீர்ந்துவிடும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் தள்ளி நிற்க வேண்டும். பெண்கள் பேச்சே இல்லை. 919-ல் வயது வரம்பு 30-லிருந்து 60. இரண்டே வருஷத்தில் அது 35-லிருந்து 70 ஆனது. திருத்தத்தைக் கொண்டுவந்தவருக்கு என்ன வயதிருக்கும் என்று ஊகிக்கப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை.

எனக்குப் பிடித்த விதி கணக்கு சம்பந்தப்பட்டது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்தில் ஏறாது. அவன் மட்டுமா? அப்பா, மகன், அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமா, மாமனார், மருமகன், மச்சினன், அக்காள் தங்கை புருஷன் என்று கல்வெட்டு ஒரு கல்யாணப் பத்திரிகையே அடிக்கிறது. கீழ்க்காணும் உரையாடல் கல்லில் இல்லை. நடக்காமல் இருந்திருக்கவும் முடியாது.

"ஏன் ஓய், என் ஓலை எங்கே?"

"உம்ம மச்சினன் ஏரிக் கணக்கு காட்டலையே."

"அவனோட பேசியே வருஷக்கணக்காச்சு ஓய்!"

"பேசறீரான்னு விதியில இல்லை. மச்சினனான்னுதான் இருக்கு."

ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிராமண ஊரான சதுர்வேதிமங்கலத்தில் ஒரே ஒருவன் ஏப்பம் விட்டால் போதும், பாதிக் குடம் காலி.

குலுக்கல் நாளன்று சிறுவர் முதல் கிழவர் வரை சபை கூட வேண்டும். ஊரிலிருக்கும் நம்பிமார் (கோயில் பூசாரிகள்) ஒருவர் பாக்கியில்லாமல் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பொடியன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒன்று. மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை வைத்திருந்த முன்னோர் யாரோ இருந்திருக்கிறார். மத்தியஸ்தன் வாசித்தபின் நம்பிமார் அத்தனை பேரும் அதே பெயரை வாசிக்க வேண்டும்.

இதில் முதல் குடம் வெறும் நாடகம். எந்தக் கட்டு முதலில் வந்தாலும் கடைசியில் 30 கட்டும் வந்தே தீரும். யாருடைய வாய்ப்பும் இம்மியும் மாறாது. இரண்டாம் குடத்தைக் குலுக்குவதில்தான் உயிர் இருக்கிறது. 1969 டிசம்பரில் வியட்நாம் போருக்கு ஆளெடுக்க அமெரிக்காவில் 366 பிறந்தநாள்களைக் குப்பிகளில் அடைத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார்கள். மாதவாரியாகப் போட்டுச் சரியாகக் கலக்காமல் விட்டதில், வருஷக் கடைசியில் பிறந்த பையன்கள் மளமளவென்று முன்னால் வந்து விழுந்தார்கள். ஒரு நம்பியைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கமும் ரொம்ப யோக்கியமில்லை. தொட்டி நிறைய போல்ட் வந்து இறங்கும். சாம்பிள் எடுக்கச் சொன்னால் நம்ம ஆள் மேலாக இருக்கும் ஐந்தை எடுத்து, வெர்னியரில் அளந்து, ஓகே சீல் குத்துவார். சப்ளையருக்கும் அது தெரியும். நல்ல போல்ட்டெல்லாம் மேலேதான் இருக்கும். குனிந்து அடியில் கைவிட அங்கே பொடியன் கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். உமக்கு வாய்த்த குடும்பில் 8 ஓலை, உம் சிநேகிதர் குடும்பில் 20. உமக்கு வாய்ப்பு 1/8, அவருக்கு 1/20. இருவரும் சேர்ந்து வாரியத்தில் உட்கார 1/160. இருவருமே வீடு திரும்ப 7/8 × 19/20, அதாவது 133/160. ஒருவராவது தேற மிச்சமுள்ள 27/160, சுமார் 17 சதவீதம். ஓலை எட்டோ இருபதோ, குடும்புக்கு ஒரே ஆள்தான் என்பதால் பெரிய குடும்பில் பிறந்தவர் பாவம். வேதத்தை இன்னொரு தரம் ஓதினாலும் அவருடைய பின்னம் நகராது.

நகர்த்த ஒரு வழி உண்டு. உம் குடும்பின் 8 பேரில் உம்மைத் தவிர மூன்று பேருக்குப் பொதுவாக ஒரு மச்சினன் இருந்து, அவன் கணக்குக் காட்டாமல் போக வேண்டும். மிச்சம் 5 ஓலை. உம் வாய்ப்பு 12.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதம். வேண்டுதலுக்கு எங்கும் அலைய வேண்டாம். விதியை வெட்டியிருப்பதே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான்.