லூதியானாவில் 18 நாள் பாரதம்

2019ஆம் வருஷம் விருதுநகர் மாவட்டத்துக்கு இரண்டு பெருமைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. இன்னொன்று, இந்திய மகளிர் கால்பந்து லீக் கோப்பை. முதலாவதைப் பற்றிக் கேட்டால் பச்சைக் குழந்தைகூட வாயைத் திறக்கும். இரண்டாவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்; ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள்.

பாவம், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெருமைக்குப் பஞ்சமே இல்லாத ஊர்கள் இவை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் அரசாங்க முத்திரையில் இருக்கும் கோபுரம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஜபாளையத்துக்காரர் சும்மா இருப்பாரா? “எங்க ஊரு நாய்க்கு 2005லயே தபால் தலை போட்டாச்சு தெரியும்ல?” என்பார். பி.எஸ்.குமாரசாமி ராஜா என்று ஒரு முதலமைச்சரையே இந்த ஊர் கொடுத்திருக்கிறது என்பது நாய்க்கு அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வரும். கோபுரம், நாய், பால்கோவா, பஞ்சாலை என்று அலமாரி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. கோப்பையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, வைக்க இடமில்லை என்றாலும் கதையையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்ப் பெயரை நேர் செய்தாக வேண்டும். அந்த வருஷம் மார்ச்சில் ஆண்களுக்கான ஐ-லீக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி அணி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் மைதானத்தில். மே மாதம் பெண்கள் கோப்பையை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. பெயரில்தான் மதுரை, அணிக்குத் தாய்வீடான சேது பொறியியல் கல்லூரி இருப்பது காரியாபட்டி பக்கம் புல்லூரில். அதாவது எங்கள் மாவட்டத்தில். கூப்பிடு தூரத்தில் எது இருந்தாலும் அது மதுரைதான் என்பது மதுரைக்காரர்களின் நீண்டகாலக் கொள்கை. அதில் நாம் தலையிட வேண்டாம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மட்டும் என்ன வாழ்ந்தது? மாவட்டத்துக்கு விருதுநகர், எம்.பி.க்குத் தென்காசி. எந்த ஊர்க்காரர்கள் நாம் என்று நமக்கே தேர்தலுக்குத் தேர்தல் சந்தேகம் வரும்.

காரியாபட்டி நமக்குத் தெரியாமல் போனதற்குப் பூகோளக் காரணம் ஒன்றும் உண்டு. அது மதுரை–அருப்புக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. நம் பஸ் கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று போகும். பஸ் போகாத ரோட்டில் உலக அதிசயமே நடந்தாலும் நம் காதுக்கு எட்டாது.

பொறியியல் கல்லூரி நடத்துகிறவர்களுக்குக் கையில் நாலு காசு சேர்ந்தால், அதே காம்பவுண்டுக்குள் இன்னொரு கல்லூரி கட்டுவதுதான் தமிழ்நாட்டு மரபு. சேது கல்லூரியின் சீனி மொகிதீன் 2016இல் இந்த மரபுக்கு விரோதமாக ஒரு பெண்கள் கால்பந்து அணியைத் தொடங்கினார். எத்தனை பேர் எத்தனை விதமாகப் புத்தி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

இந்த மாதிரிப் புத்திமதிகளுக்குப் பெரிய பாரம்பரியமே இருக்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியபோது 53,000 பேர் டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு ஞானோதயம் பிறந்தது: இந்த விளையாட்டு பெண்களுக்கு ஒத்துவராது, சங்கத்தில் சேர்ந்த மைதானங்களில் அவர்களை ஆட விடக் கூடாது. ஒத்துவராமல் போனது பெண்களுக்கா, ஆண்கள் ஆட்டத்தின் கல்லாப் பெட்டிக்கா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்தத் தடையை எடுக்கக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பிடித்தது. கால்பந்தைக் கண்டுபிடித்த மகான்களின் லட்சணமே இப்படி என்றால் காரியாபட்டியைக் கேட்கவா வேண்டும்?

இந்தியாவில் பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர். மற்ற மாநிலங்கள் இரண்டாம் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். மணிப்பூரைப் பந்தில் ஜெயிப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரைப் பால்கோவா கிண்டி ஜெயிப்பது மாதிரி. அந்தக் காரியத்தை 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் செய்தார்கள். தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 2–1. தமிழ்நாடு அந்தப் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை. தமிழ்நாடு அதைக் கொண்டாடித் தீர்த்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

இப்போது 2019. லூதியானா குருநானக் ஸ்டேடியம். 12 அணிகள். ஒரு சீசன் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? மே 5இல் தொடங்கி மே 22இல் முடிந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக 18 நாள். பாரதப் போரையே அதற்குள் முடித்துவிட்டார்கள் என்பதால் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இதில் குறை சொல்ல முடியாது. அவர்கள் இதிகாசத்தைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

மே மாதம் கத்திரி வெயிலுக்குப் பயந்து ஜனங்கள் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஓடும்போது, இந்தப் பெண்கள் பஞ்சாபுக்குப் போனார்கள். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் பந்து உதைத்துப் பழகியவர்களை லூதியானா வெயில் என்ன செய்துவிடும் என்பது என் கட்சி.

அந்த 18 நாளும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். மே 12, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஐ.பி.எல். இறுதி ஆட்டம். சென்னை மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஷேன் வாட்சன் 59 பந்தில் 80 ரன் எடுத்தார். ஆடும்போதே அவர் முழங்காலில் ரத்தம் கசிந்து பேன்ட் நனைந்திருந்தது மறுநாள் தெரிய வந்தது. அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்த முழங்காலுக்காக ராஜபாளையம் முதல் ராமநாதபுரம் வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் துக்கம் அனுஷ்டித்தார்கள். பந்து விளையாட்டில் முழங்கால் பெயராமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. ஆனால் லூதியானா முழங்கால்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மே 19 சாயங்காலம் மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்பு. அதற்கு மேல் நாட்டில் வேறு எதுவும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

மே 22, இறுதி ஆட்டம். எதிரே நின்றது மணிப்பூர் போலீஸ் அணி. போலீஸைக் கண்டால் தூரத்திலேயே வண்டியைச் சந்துக்குள் திருப்புவது நம் பரம்பரைக் குணம். அதற்கு இங்கே வழியில்லை. அதிலும் அந்தப் போலீஸில் பாலா தேவி இருந்தார். அந்த 18 நாளில் அவர் அடித்தது 26. நன்றாகப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள், ரன் இல்லை, கோல். நம் உள்ளூர் டோர்னமென்ட்டில் ஒரு அணி மூன்று வருஷம் சேர்ந்து அடித்தாலும் அந்தக் கணக்கு வராது.

சேது பக்கமும் ஆள் பலத்துக்குக் குறைவில்லை. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். கோல் போடுவதற்கென்றே பிறந்தவர் போல நேபாளத்திலிருந்து வந்திருந்த சபித்ரா பண்டாரி. கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன். இதில் இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஆக, போலீஸுக்குப் போலீஸ். நேபாளம், கடலூர், காரியாபட்டி எல்லாம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு மதுரை என்ற பெயரில் பஞ்சாபில் மணிப்பூரோடு மோதின. தேசிய ஒருமைப்பாடு என்று ஆகஸ்டு 15க்குப் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் பேச்சைச் சுருக்கியிருப்பார்கள்.

முடிவு 3–1. கோப்பை சேதுவுக்கு. அதுவரை அந்த லீக்கை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனும் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸும்தான் வென்றிருந்தன. மூன்றாவது வருஷமே தெற்கே வந்துவிட்டது.

வந்த நேரம்தான் சரியில்லை. மறுநாள் மே 23. வோட்டு எண்ணிக்கை.

அன்றைய காலை டீக்கடையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 38 எம்.பி. தொகுதி, கூடவே 22 சட்டமன்ற இடைத்தேர்தல். டி.வி.யில் முன்னிலை, பின்னடைவு, மறுபடி முன்னிலை. ஒரே பேப்பரின் முதல் தாளை நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துப் படிக்கிறார்கள். விளையாட்டுப் பக்கம் தனியாகக் கழன்று கல்லாவுக்கு அந்தப் பக்கம் போகிறது. மாஸ்டர் அதை நாலாகக் கிழித்து, சட்டியிலிருந்து எடுத்த உளுந்தவடையை வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறார். இந்தியச் சாம்பியன்கள் நம் மாவட்டத்துக்காரர்கள் என்ற செய்தி அதில் எங்காவது இருந்திருந்தால், அது அப்போதே எண்ணெயில் ஊறியிருக்கும். அடுத்த வாரம், மே 30இல், கிரிக்கெட் உலகக் கோப்பை வேறு ஆரம்பித்துவிட்டது. பெண்கள் கால்பந்துக்கு நாள் குறித்த ஜோசியர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். நம் எதிரிகள் வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பி வைக்கலாம்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. இறுதி ஆட்டத்தில் தோற்ற பாலா தேவியை 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் கூட்டிக்கொண்டு போனது. சபித்ரா பின்னால் பிரான்ஸ் வரை போய் ஆடினார். சேது 2022இல் புவனேஸ்வரத்தில், கோப்பை யாருக்கு என்று முடிவுசெய்த கடைசி லீக் ஆட்டத்தில், கேரளத்தின் கோகுலத்திடம் தோற்றது. ஸ்கோர் அதே 3–1, திசை மட்டும் மாறியிருந்தது. அந்தத் தோல்வியும் நம் பக்கம் யாருக்கும் தெரியாது என்பதால் இந்த விஷயத்தில் நாம் நடுநிலை தவறவில்லை.

இந்துமதி 2020 ஊரடங்கின்போது சென்னையில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் நின்று, காரணமில்லாமல் சுற்றுகிறவர்களை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டி அவர் கையில் மாட்டிக்கொண்டால், “மேடம், லூதியானாவுல மணிப்பூரை 3–1ல ஜெயிச்சீங்களே” என்று ஆரம்பித்துப் பாருங்கள். அபராதம் குறையாது, ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி அவரிடம் பேசிய முதல் விருதுநகர் மாவட்டத்துக்காரர் நீங்களாகவே இருக்கக்கூடும்.