செயலாளர் சார்

காலனி மூத்த குடிமக்கள் சங்கத்தின் செயலாளரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்சின் பை, அதற்குள் ரசீதுப் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும். நங்கநல்லூரானாலும் குரோம்பேட்டையானாலும் ஆள் ஒரே அச்சு. ஏஜீஸ் ஆபீஸிலோ ரயில்வேயிலோ வங்கியிலோ 35 வருடம் அவர் கையெழுத்துக்காகக் கோப்புகள் காத்திருந்தன. ஓய்வு பெற்ற பிறகு காத்திருப்பவர் கூரியர்க்காரர் ஒருவர்தான். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்கத்தில் சேருவார். அடுத்த தேர்தலில் செயலாளர் ஆவார். அப்புறம் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் “இளைஞர்கள் யாராவது முன்வரணும்” என்பார். இளைஞர்கள், அதாவது 68 வயதுக்காரர்கள், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்கள். மறுபடியும் ஏகமனதாக அவரே. ஆபீஸ் புத்தி போகவில்லை என்று அவரைக் கேலி செய்யாத உறுப்பினர் கிடையாது. போகவில்லைதான். போயிருந்தால் சங்கத்தை எப்போதோ இழுத்து மூடியிருப்பார்கள் என்பது என் கட்சி.

சுற்றுலாவையே எடுத்துக்கொள்வோம். “பொருள்: ஒருநாள் சுற்றுலா - காஞ்சிபுரம் - தொடர்பாக” என்று சுற்றறிக்கை வரும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பக்திக்கும் சரித்திரத்துக்கும் பங்கு குறைவு. படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும்தான் அதிகம். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலுக்கு 500க்கு மேல் படிகள். “கீழே தாழக்கோயிலில் கும்பிட்டால் போதும், பலன் ஒன்றுதான்” என்று அவரே தீர்ப்பளிப்பார். வேடந்தாங்கல் என்றால் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே போனால்தான் பறவை கண்ணில் படும். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த ஓட்டலில் வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி உண்டா, குழாயில் தண்ணீர் வருமா என்பதில் வேன் டிரைவரே அவரிடம் யோசனை கேட்பார். ரயிலில் போகலாமே என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகை நின்றதிலிருந்து ரயில்வே அமைச்சருக்கு அவர் எழுதும் கடிதங்கள் எல்லாம் “எமது முந்தைய கடிதத்தின் தொடர்ச்சியாக” என்றே தொடங்குகின்றன.

அவர் கையிலிருக்கும் நீள நோட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ரத்த வகை, சர்க்கரை உண்டா, காபியில் சர்க்கரை உண்டா (இரண்டும் தனித்தனிக் கட்டம்), டல்லாஸிலிருக்கும் மகனின் எண். கடைசிக் கட்டத்தின் தலைப்பு “குறிப்பு”: “ஜன்னல் சீட் கேட்பார், கொடுத்தால் தூங்கிவிடுவார்.” “பல் செட், முறுக்கு தரவேண்டாம்.” இத்தனை பாடு எதற்கு, பிள்ளைகள் ஏசி காரில் கூட்டிக்கொண்டு போக மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போவார்கள். அந்தக் காரில் அப்பாவுக்கு வேலை என்று எதுவும் இருக்காது; “நீங்க சும்மா உட்காருங்கப்பா” என்பதே வழியெல்லாம் கேட்கும் பேச்சு. செயலாளரின் வேனில் சும்மா உட்கார யாருக்கும் அனுமதி இல்லை. ஒருவருக்குத் தண்ணீர்க் கேன் பொறுப்பு, ஒருவருக்குத் தலை எண்ணும் பொறுப்பு, இன்னொருவருக்குப் புளியோதரைப் பொட்டலம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்கப்படும் (தலை எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதே பெரும்பாலும் காரணம்). 74 வயதில் ஒருவரை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்து, அது நடக்காவிட்டால் கோபித்துக்கொள்ளவும் செய்வது பெரிய மரியாதை. வீட்டில் அவர் மறந்தால் பரிதாபப்படுகிறார்கள்; இங்கே திட்டுகிறார்கள்.

மாதக் கூட்டச் சொற்பொழிவுகளையும் சும்மா பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவார்கள். முழங்கால் மாற்று அறுவையைப் பற்றி டாக்டர் பேசுவார். கேள்வி நேரத்தில் ஆளாளுக்குத் தன் முழங்காலைப் பற்றிப் பேசுவார்கள். உயிலைப் பற்றி வக்கீல் பேசும் நாளில் அரங்கம் நிரம்பும். வெள்ளைத் தாளில் எழுதலாம், இரண்டு சாட்சி வேண்டும், பதிவு கட்டாயமில்லை என்று அவர் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி எழாது. காபி கொடுக்கும்போது ஒவ்வொருவராகத் தூண் மறைவுக்கு அவரை அழைத்துப் போவார்கள். கேட்டதெல்லாம் அடுத்த மாதம் மறந்துபோகும் என்பது மெய்தான். அதனால்தான் செயலாளர் அதே வக்கீலை அடுத்த வருடமும் அழைக்கிறார். அவரும் அதே சிரிப்புத் துணுக்கைச் சொல்கிறார், அதற்குப் புதிதாகச் சிரிக்கிறார்கள்.

ஆபீஸ் புத்தியின் அருமை தெரிவது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கூட்டத்தில். சிபிஐ என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லிக்கொண்டு வீடியோவில் வரும் மோசடிக்காரன் எதை நம்பித் தொழில் செய்கிறான்? மேலதிகாரியின் குரல் கேட்டால் எழுந்து நிற்கும் பழக்கத்தை நம்பித்தான். 35 வருடம் “யெஸ் சார்” சொன்ன வாய்க்கு “போனை வை” என்று சொல்ல வராது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று பேரன் நூறு முறை சொன்னாலும், பேரன் சொல்வது பேரன் சொல்வதுதான். செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதுகிறார்: “இத்தகைய அழைப்பு வந்தால் உடனே துண்டிக்கவும். சைபர் குற்ற உதவி எண் 1930க்குத் தெரிவிக்கவும். இதனை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்.” கீழே ஸ்டாம்ப். அதிகாரக் குரலுக்கு மாற்று இன்னொரு அதிகாரக் குரல்தான் என்பதை எந்த விழிப்புணர்வு விளம்பரமும் அவர் அளவுக்குப் புரிந்துகொள்ளவில்லை. நவம்பர் வந்தால் ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று வேலையும் அவர் தலையில்தான். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து, “கண்ணைச் சிமிட்டுங்கோ” என்று அதட்டுவார். சிமிட்டினால்தான் ஆள் உயிரோடு இருப்பதாக அரசாங்கம் ஒப்புக்கொள்ளும்.

அவர்மேல் சொல்லும் ஒரே ஒரு குறைக்கு என்னிடம் வக்காலத்து கிடையாது. அவருடைய பதிவேட்டில் பெண்கள் ‘குடும்ப உறுப்பினர்’. அரைச் சந்தா, வாக்கு இல்லை. குலுங்கும் பின்சீட்டு அவர்களுக்கு. சொற்பொழிவு ஆரம்பிக்கும்போது காபிக் கணக்குப் பார்க்க அவர்களைத்தான் எழுப்புகிறார். அந்தப் புளியோதரையை விடியற்காலை 3 மணிக்குக் கிளறியவர் யார் என்பது நன்றியுரையில் வருவதில்லை. ஓய்வு வயது என்ற ஒன்று இல்லாமலே உழைத்தவர்கள் அவர்கள். சங்கத்தின் தேவை அவர்களுக்குத்தான் கூடுதல். அடுத்த பொதுக்குழுவில் பொருளாளர் பதவிக்கு ஒரு பெண்மணியை யாராவது முன்மொழியுங்கள். சட்டவிதியில் இடமில்லை என்று செயலாளர் புத்தகத்தைப் புரட்டுவார். திருத்தம் கொண்டுவரவும் அதே புத்தகத்தில் வழி இருக்கும், அதை அவரே கண்டுபிடித்துக் கொடுப்பார்.

மற்றபடி, மாலை 5 மணிக்கு மேல் அழைப்பு மணி அடித்து, கதவைத் திறந்தால் ரெக்சின் பை நிற்கிறதா? பேசாமல் சந்தாவைக் கொடுத்துவிடுங்கள். “ரசீதெல்லாம் எதுக்கு சார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.