பேட் குட்

எங்கள் ஊர் அணைக்கட்டு. ஆம்பூருக்குப் பிரியாணி உண்டு, வேலூருக்குக் கோட்டை உண்டு. ஆனால் ஆங்கில அகராதியில் ஏறியது எங்கள் ஊர்ப் பெயர்தான். ஆற்றின் குறுக்கே கட்டும் அணைக்கு வெள்ளைக்கார இன்ஜினியர்கள் புதுச் சொல் தேடி அலையாமல், நம்முடைய ‘அணைக்கட்டு’ என்பதையே எடுத்துக்கொண்டு ‘ஆனிகட்’ என்றார்கள். கல்லணை ‘கிராண்ட் ஆனிகட்’ ஆயிற்று. 1886இல் யூலும் பர்னலும் கொண்டுவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியிலும் அந்தச் சொல் இருக்கிறது. எடுத்துப் போனவர்கள் ணகரத்தையும் கடைசி ‘டு’வையும் இங்கேயே விட்டுவிட்டார்கள். கட்டு, ‘கட்’ ஆகிவிட்டது. நாம் கட்டினோம், அவர்கள் வெட்டிவிட்டார்கள்.

நாமும் சும்மா இருக்கவில்லை. வேலூரில் 1898இல் தொடங்கிய மிஷனரிக் கல்லூரிக்கு ‘வூர்ஹீஸ்’ என்று ஓர் அம்மையாரின் பெயர். வேலூர் வாய் அதை இரண்டு கடி கடித்து ‘ஊரிசு’ ஆக்கிவிட்டது. ஊரும் அரிசியும் சேர்ந்தாற்போல் எவ்வளவு சொந்தமாக ஒலிக்கிறது பாருங்கள்! 2020 ஜூனில் ஒரு சோதனை வந்தது. 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒலிக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வெளியானது. வேலூருக்குக் கிடைத்த எழுத்துக்கூட்டலை எந்த ஆங்கிலேயர் படித்தாலும் ‘வீலூர்’ என்றுதான் படிப்பார். சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். வீல் கழன்றது.

ஊர்க்கதை போதும், என் கதைக்கு வருகிறேன். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்தேன். “பையர் வந்தா நீதாம்பா பேசணும்” என்றார் மேனேஜர். பையரும் வந்தார். வட இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்துக்காரர். நான் பிபிசி செய்தியை எதிர்பார்த்துக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

கட்டிங் செக்‌ஷனில் ஓர் அப்பரை, அதாவது ஷூவின் மேல்தோலை, கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். ஓரத்தை விரலால் தடவினார். “உப்பர்... பேட் குட்” என்றார்.

உப்பியிருக்கிறதோ என்று பார்த்தேன். உப்பவில்லை. பேட் என்றால் மோசம், குட் என்றால் நல்லது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறாரே? ‘மோசமில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்பதன் சுருக்கமாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். “குட் என்கிறார் சார்” என்று மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர் டீயும் சமோசாவும் வரவழைத்தார். பையர் சற்று உரக்க, “பேட் குட்” என்றார். நான் அதைவிட உரக்க, “தேங்க்யூ சார்” என்றேன்.

கட்டிங் மாஸ்டர் பாய் அதுவரை பேசாமல் நின்றிருந்தார். வீட்டில் உருது, வேலையில் தமிழ். ஆங்கிலத்தில் முழு வாக்கியம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. அப்பரை வாங்கி, தோல் இழுத்துக்கொடுக்கும் திசையை நகத்தால் கோடு போட்டுக் காட்டி, “கிளிக்கிங்... ராங்” என்றார். பையருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாய் என் பக்கம் திரும்பினார்: “கட்டிங் சரியில்லன்றாரு தம்பி. நீ இன்னாத்துக்கு தேங்க்யூ சொல்ற?”

அப்புறம்தான் தெரிந்தது. வட இங்கிலாந்து வாயில் ‘கட்’ என்பது ‘குட்’, பஸ் ‘புஸ்’, அப்பர் ‘உப்பர்’. ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் பேசினார்களாம். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் தெற்கத்திக்காரர்கள் மாற்றிக்கொண்டார்கள். அதாவது லீட்ஸ்காரர் பேசியதுதான் பழசு. நான் படித்த புத்தகம்தான் புதுசு.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து வரும் ஓர் அக்காவைக் காட்டி, “இவர் பத்து வருஷமாக ஸ்கைவிங் சார்” என்று என் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். பையர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தோலின் ஓரத்தைச் சீவி மெலிசாக்குவதுதான் ஸ்கைவிங். இங்கிலாந்துப் பேச்சுவழக்கிலோ அதற்கு ஓபி அடிப்பது என்று இன்னொரு பொருள். தலை நிமிராமல் வேலை செய்கிற அக்காவை ஒரே வரியில் பத்து வருஷம் ஓபி அடித்தவராக்கிவிட்டேன்.

தோலை வெட்டுவதற்குக் ‘கிளிக்கிங்’ என்று பெயர் வந்ததே கத்தி எழுப்பிய ‘கிளிக்’ ஓசையால்தான். ‘லாஸ்ட்’ என்பது கடைசி அல்ல, ஷூவுக்குக் கால் வடிவம் கொடுக்கும் அச்சு. செருப்புத் தொழிலைத் தொடாத லண்டன்காரருக்கு இதெல்லாம் அனேகமாகப் புரியாது. அணைக்கட்டில் கம்பெனி வேன் ஏறும் பெண்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர்களைத்தான் இங்கிலீஷ் தெரியாதவர்கள் என்கிறோம்.

‘இருக்கிறது’ என்பதை எங்கள் பக்கம் ‘கீது’ என்போம். மதுரைக்காரர் சிரிப்பார். லீட்ஸ்காரரைப் பார்த்து லண்டன்காரர் சிரிப்பதும் அதே சிரிப்புதான். தோல் பதனிடும் ஷாப்பு இருக்கிற பக்கமாக பஸ் போனால் வெளியூர்க்காரர் கர்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்துவார். உள்ளூர்க்காரர் ஜன்னலோரத்தில் முறுக்கு தின்றுகொண்டிருப்பார். சொந்த ஊர் வாடை சொந்த மூக்கில் ஏறாது. உச்சரிப்பும் அப்படித்தான். வாடையில்லாத வாய் எந்த ஊரிலும் கிடையாது.

அடுத்த லாட்டைப் பாய் காட்டிய திசையிலேயே வெட்டினோம். பையர் வந்து பார்த்துவிட்டு, “குட் குட்” என்றார். முதல் குட் பாராட்டு, இரண்டாவது வெட்டு. கிளம்பும்போது என் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். சொல்லிப் பார்த்தார்: “அனிகுட்.” அதை நான் மேனேஜருக்கு மொழிபெயர்க்கவில்லை.

உங்கள் பிள்ளை பேசும் ஆங்கிலத்தில் ஊர் வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த ஊர் வாடை என்று திருப்பிக் கேளுங்கள். லீட்ஸும் ஊர்தான், லண்டனும் ஊர்தான், அணைக்கட்டும் ஊர்தான்.