துரைமாரும் தூரத்து வெளிச்சமும்

இராத்திரி லயத்து இஸ்தோப்பில் நின்று பாருங்கள். பனிமூட்டத்துக்குள் ஒரு வெளிச்சம். பக்கத்து மலையில் காவல்காரரின் டோர்ச்சா, தூரத்து அட்டன் ரோட்டில் திரும்பும் லொறியா? இதே சந்தேகத்தோடு வானியல் துரைமார் முப்பது வருடம் மல்லுக்கட்டினார்கள்.

விண்வெளியில் அணுகுண்டு வெடிப்பதில்லை என்று 1963 ஓகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கையெழுத்துப் போட்டன. ஒக்டோபரிலேயே அமெரிக்கா உளவுக்குச் செய்மதி ஏற்றிவிட்டது. பெயர் வேலா. கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஸ்பானிய மொழியில் காவல் விழிப்பு என்று அர்த்தம். 1967 ஜூலை 2, காமாக் கதிர் பளிச்சென்று அடித்தது. குண்டின் சாடையே இல்லை. அந்தப் பதிவு ஆட்கள் கண்ணில் பட்டது 1969இல். ஊருக்குச் சொன்னது 1973இல்.

அதன்பின் ஆளுக்கொரு கதை. விளக்கங்கள் நூறைத் தாண்டின. 1995இல் வாஷிங்டனில் மேடை போட்டு இரண்டு வானியல் துரைமார் மோதினார்கள். பச்சின்ஸ்கி "வெகு தூரம்" என்றார், லாம்ப் "நம்ம பால்வீதிதான்" என்றார். நடுவர் மார்ட்டின் ரீஸ். தொழிற்சங்கக் கூட்டம் போலவே, முடிவில்லாமல் கலைந்தார்கள். 1997 மே 8இல் வந்த வெடிப்பின் மிச்ச ஒளியை ஹவாயில் கெக் தொலைநோக்கியால் பார்த்தபோதுதான் தெரிந்தது: பல நூறு கோடி ஒளியாண்டு. லொறிதான்!

அப்படியானால் இந்த வெடிப்புகளையே தூரம் அளக்கும் கோலாக்கலாமா? வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களை வைத்துத் தூரம் அளக்கலாம். ஆனால் ஓர் எல்லைக்கு அப்பால் அவை கண்ணுக்கு எட்டாது. காமா வெடிப்போ எட்டும். 2009 ஏப்ரலில் வந்த ஒன்றின் ஒளி 1300 கோடி வருடம் நடந்து வந்தது. ஆனால் வெடிப்புகள் எல்லாம் ஒரே பிரகாசம் இல்லையே? 2002இல் அமாட்டி என்ற இத்தாலியர் ஒரு வழி சொன்னார். தேத்தண்ணியின் சாயத்தைப் பார்த்து, எத்தனை கரண்டி தூள் போட்டார்கள் என்று எங்கள் அம்மாயி சொல்லிவிடுவார். அதேதான். கதிரின் கடுப்பைப் பார்த்தால் வெடிப்பின் மொத்தச் சக்தி தெரியும். இங்கே வந்து சேர்ந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும்.

சாயக் கணக்கு சரியா என்று பார்க்க, பக்கத்தில் வெடித்தவை வேண்டும். அவை அபூர்வம். ஆகவே சூப்பர்நோவாத் தராசை வைத்துக் காமாத் தராசைச் சரிபார்க்கிறார்கள். நானோ, கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்த கணக்கப்பிள்ளையைப் பார்த்து வளர்ந்தவன். காமா வெடிப்பை வைத்து யாராவது தூரம் சொன்னால், கழிவு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.