மூணு மீட்டருக்கு மேல போனா பெர்மிட்

எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கினால் ரேஸ் கோர்ஸ் ரோடு. பெயர் சும்மா வந்ததல்ல. 1842-ல் வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்தில்தான் குதிரைப் பந்தயத் திடல் அமைத்தார்கள். தொண்ணூறு வருடம் ஓடிய குதிரைகள் 1933-ல் புக்கிட் தீமாவுக்குக் குடிபெயர்ந்தன, பிறகு கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்து, சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் என்பதே முடிந்துபோனது. அதற்கடுத்த மாதம்தான் நான் ஒரு தடை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

"குதிரைக்கே பென்ஷன் கொடுத்து அனுப்பிட்டாங்க. நீங்க எதுக்கு இப்ப ஓடப் போறீங்க?" என்றாள் மனைவி.

காரணம் அலுவலகம். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி. எங்கள் பிரிவில் நான்கு பேர்தான் தேறினார்கள், நான்கு பேருமே முப்பதைத் தாண்டாத பையன்கள். அந்தத் தள்ளுபடிக்காகச் சேர்க்கப்பட்ட ஐந்தாவது ஆள் நான், வயது 49. ஐந்து கிலோமீட்டர், இருபது தடைகள், நடுநடுவே சேறு. பையன்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. இங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் படிப்பு முடித்ததும் தேசிய சேவைக்குப் போய், சுவர் ஏறி, கயிறு பிடித்து, குழாய்க்குள் ஊர்ந்து பழகியவர்கள். 'எஸ்ஓசி' என்று அந்த ராணுவத் தடை ஓட்டத்தின் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் முகத்தில் ஒரு பழைய பகை வந்து போகும். நானோ 2003-ல் மன்னார்குடியிலிருந்து வேலைக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த தடை ஓட்டம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நடந்தது. படுக்கப் போட்ட ஏணியின் சந்துகளில் கால் வைத்து ஓடி, லாரி டயருக்குள் புகுந்து, கடைசியில் சாக்குக்குள் இறங்கிக் குதிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் டயரோடு நின்றுவிட்டேன். பி.டி. வாத்தியார் வந்து இழுத்து எடுத்தார்.

பந்தயக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். காயம், ஊனம், மரணம் எது நேர்ந்தாலும் தாங்கள் பொறுப்பல்ல என்று நான்கு பக்கம். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜாதகம் பார்ப்பதுபோல் படித்தாள்.

"மரணம்னு போட்டிருக்கு."

"எல்லாத்துலயும் அப்படித்தான் போடுவாங்க."

"நம்ம கல்யாணப் பத்திரிகையில போடலியே."

கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சிக்கு ஜிம் எதற்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோடு போதும் என்று தீர்மானித்தேன். ராஃபிள்ஸ் 1822-ல் நகரத் திட்டம் போட்டபோது, கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதுதான் ஐந்தடிப் பாதை. அதில் இன்றைக்கு சூட்கேஸ் அடுக்கு ஒன்றரை அடி, வெங்காய மூட்டை ஒன்றரை அடி, கடைக்காரர் உட்காரும் முக்காலி ஓரடி. மிச்சமிருக்கும் ஓரடியில் தமிழ்நாடும் வங்காளதேசமும் எதிரும் புதிருமாகப் போய்வருகின்றன. பூக்கடையில் தொங்கும் மாலைக்குக் குனிந்து, எவர்சில்வர் குடத்துக்கு வயிற்றை எக்கி, நட்டநடுவில் நின்று ஊருக்கு வீடியோவில் முகம் காட்டுகிறவரைச் சுற்றி, அதற்குள் பின்னாலிருந்து வரும் கோதுமை மாவு வண்டிக்கு ஒதுங்கிப் போகவேண்டும். பெருமாள் கோயிலிலிருந்து தேக்கா வரை 25 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் 18-க்குக் கொண்டுவந்தேன். பந்தயத்தில் தடைகள் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

அந்த நம்பிக்கை நான்காவது தடையில் போனது. சுவர். ஆளை விடச் சற்று உயரம், பிடிக்க ஒன்றும் கிடையாது. முன்னால் நீள வரிசை. இந்த ஊரில் தோசைக்கு நிற்பதுபோலவே அடி வாங்கவும் ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள், ஒருவரும் முந்தமாட்டார்கள். நான் மூன்று பேருக்கு வழிவிட்டேன். தாராள மனசு என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும்.

அங்கே நின்றபோது ஒரு குதிரை ஞாபகம் வந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், மாடர்ன் பென்டத்லான் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குக் கிடைத்த குதிரை, தடையைத் தாண்டமாட்டேன் என்று மறுத்துவிட்டது. அவர் அழ, பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்த, உலகமே கண்டித்தது. கடைசியில் அந்தப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதற்குப் பதிலாக வீரர்களே தடைகளில் ஏறித் தொங்கித் தாண்டப் போகிறார்கள். டோக்கியோவில் எல்லாரும் அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்குக் குதிரையின் நியாயம்தான் புரிந்தது.

பின்னால் நின்ற சீன அம்மாள் ஒருவர், அறுபது வயது இருக்கும், ஒரு காலை மடக்கி உட்கார்ந்து தொடையைத் தட்டினார். "அங்கிள், இங்க கால வை. அப்புறம் தோள்ல வை."

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீட்டில் யார்மேலாவது தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் பட்டாலும் அப்படித்தான். சேற்றுக் காலைத் தூக்கி, அக்கா வயதுள்ள ஒருத்தியின் தோளில் வைப்பதா? வரிசை காத்திருந்தது. வைத்தேன். மேலே எம்பினேன், வயிறு சுவரின் விளிம்பில் ஏறியது. அப்போது என் வலது கை, என்னைக் கேட்காமல், நாற்பது வருடப் பழக்கத்தில் சுவரை விட்டுவிட்டுக் கண்ணுக்குப் போனது.

அந்தப் பக்கம் சேறு ஆழமாகவே வெட்டியிருந்தார்கள். அடி ஒன்றும் படவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது அந்த அம்மாள் எனக்கு முன்னால் வந்து நின்று, ஏதோ சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து, பேசாமல் காத்திருந்தார். நான் அவர் தோளைத் தொட்டு மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவரும் பதிலுக்கு என் தோளைத் தொட்டு அப்படியே செய்துவிட்டு ஓடிப்போனார். அதுவும் பந்தயத்தின் ஒரு சடங்கு என்று நினைத்திருப்பார்.

நடுவில் இருந்த தடைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முள்கம்பிக்குக் கீழே ஊர்ந்தேன், சட்டை கிழிந்தது. மணல் மூட்டை தூக்கினேன். கயிற்றுக்கு வந்தேன். ஐந்து மீட்டர் உயரம், உச்சியில் ஒரு மணி. அரை மீட்டர் ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு இறங்கினேன்.

"30 பர்ப்பி" என்றான் அங்கே நின்ற பையன். பசியில் எனக்கு அது பர்ஃபி என்றுதான் கேட்டது. குனிந்து, காலைப் பின்னால் வீசி, தரையில் படுத்து, எழுந்து, குதித்துக் காட்டினான். தாண்டாத தடைக்கு 30 பர்ப்பி என்பது ஸ்பார்ட்டன் பந்தயங்கள் பிரபலமாக்கிய தண்டனை. இவர்களும் அதையே வைத்திருந்தார்கள். ராயல் பர்ப்பி என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், 1930-களில் ஒருவரின் உடல்தகுதியைச் சட்டென்று பார்க்க உண்டாக்கிய பயிற்சி இது. அவர் நாலே நாலு தடவை செய்யச் சொல்லி நாடியைப் பார்த்தார், பாவம், நல்ல மனுஷன். பதினொன்றாவதில் நான் தரையில் படுத்தபடியே அவரை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடித்தேன். பையன்கள் குளித்து, சாப்பிட்டு, எனக்காகப் படம் எடுக்க நின்றார்கள். கழுத்தில் பதக்கம், கையில் ஒரு டி-ஷர்ட். வீட்டுக்கு போன் செய்தேன். "இவ்ளோ கஷ்டத்தையும் பட்டதுக்கு, பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோட்டுக்குக் காவடி எடுத்திருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்" என்று பதில் வந்தது.

நேரே தேக்கா உணவங்காடிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே தனி மேசை கிடைக்காது. புரோட்டாத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு எதிரே இடம் பிடித்தேன். முப்பது வயது இருக்கும். அறந்தாங்கிப் பக்கமாம், கட்டுமான வேலை, விடுதியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். சேற்றையும் பதக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதப் பரிசாண்ணே?"

"இல்ல தம்பி. முடிச்ச எல்லாருக்கும் கொடுப்பாங்க."

"எத்தனை பேரு முடிச்சீங்க?"

"ஆயிரக்கணக்குல."

கொஞ்சம் யோசித்தார். "காசும் கொடுத்தாங்களா?"

"நாமதான் கட்டணும். நூறு வெள்ளிக்கு மேல."

புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னென்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். சுவர் ஏறியது, மூட்டை சுமந்தது, குழாய்க்குள் ஊர்ந்தது, சேற்றில் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அவருடைய திங்கள் முதல் சனிவரை நான் ஒப்பிப்பதுபோல் எனக்கே தோன்றியது. கயிறு என்றதும்தான் அவர் முகம் மாறியது.

"எவ்ளோ உயரம்?"

"அஞ்சு மீட்டர்."

"பெல்ட் கொடுத்தாங்களா?"

"இல்லியே."

"என்னண்ணே இது! மூணு மீட்டருக்கு மேல போனா பெர்மிட் எழுதணும். பெல்ட் மாட்டணும். சேஃப்டி ஆளு வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் ஏறவே விடுவாங்க. உங்களுக்கு யாரு பெர்மிட் கொடுத்தது?"

யாரும் கொடுக்கவில்லை. நான்தான் நான்கு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். வேலையிடத்தில் மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு இங்கே எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்பது சட்டம். பணம் கட்டி விழுகிறவர்களை அந்தச் சட்டம் கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது.

பிறகு அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். கயிற்றில் கையால் ஏறக்கூடாது, காலால் ஏறவேண்டும். ஒரு பாதத்துக்கு அடியில் கயிற்றை விட்டு மறு பாதத்தால் அமுக்கிப் பூட்டினால் அது படிக்கட்டு. கை சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். மேசைக்கு அடியில் தன் செருப்புக் காலால் என் காலை மிதித்தே செய்து காட்டினார். காட்டி முடித்ததும் குனிந்து என் முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூட்டையை ஒரு தோளில் வைத்தால் இடுப்பு போகும், கழுத்துக்குப் பின்னால் குறுக்கே போடவேண்டும். குழாய்க்குள் போகுமுன் வெளியே ஓர் ஆள் நிற்கிறாரா என்று பார்க்கவேண்டும். என் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க எழுந்தவரை உட்கார வைக்கத்தான் எனக்கு அன்றைக்கு மிகப் பெரிய பாடாக இருந்தது.

கிளம்பும்போது, "அடுத்த தடவ ஆசை வந்தா சொல்லுங்கண்ணே, எங்க சைட்டுக்கு வாங்க. நூறு வெள்ளி மிச்சம்" என்றார்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். தடை ஓட்டம் கற்றுத்தந்த ஐந்து வாழ்க்கைப் பாடங்கள் என்று ஒரு ஸ்லைடு போட்டு, மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசவேண்டுமாம். விடாமுயற்சி, குழு உணர்வு என்று தலைப்புகளையும் அவரே கொடுத்தார். எனக்கு நேர்மையாகத் தெரிந்ததைப் போட்டேன். ஒன்று, கயிறு காலால் ஏறுவது. இரண்டு, மூட்டை கழுத்துக்குப் பின்னால். மூன்று, குழாய்க்கு வெளியே ஓர் ஆள். நான்கு, மூன்று மீட்டருக்கு மேல் பெர்மிட். ஐந்தாவது கிடைக்காததால், சுவரின் மேல் இருக்கும்போது கும்பிடக்கூடாது என்று எழுதினேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்லைடைப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர்கள் நான்காவதை மட்டும் அச்சடித்து மாடிப்படியில் ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த போட்டிக்குப் பதிவு தொடங்கிவிட்டது. பையன்களில் ஒருவன் வேலை மாறிப் போய்விட்டதால் மறுபடியும் ஓர் ஆள் குறைகிறது. வாசகர்களில் தோள் கொஞ்சம் அகலமாக உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஐந்து பேர் ஆனால் தள்ளுபடி உண்டு.