எட்டு நாள் வாரக்காரர்

இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற ஆலை எதற்குப் போனாலும், அட்மின் கட்டிடத்து மாடியில், தேவைக்கு மேல் ஏசி ஓடும் ஓர் அறையில் பிளானிங் சார் உட்கார்ந்திருப்பார். மேசையில் இரண்டு மானிட்டர். ஒன்றில் கலர் கலராகப் பட்டைகள், இன்னொன்றில் கட்டம் கட்டமாகக் கேலண்டர். அவரிடம் நாளைக்கு என்ன கிழமை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "எந்தக் கேலண்டர்படி?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். நக்கல் இல்லை, நிஜமாகவே அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றை வைத்துக்கொள்வோம். கில்ன் எனும் சூளைக்குள்ளே 1,450 டிகிரியில் சுண்ணாம்புக்கல் கிளிங்கராகிக்கொண்டிருக்கிறது. ராத்திரியானால் அணைத்துவிட்டு, விடிந்ததும் பற்றவைக்கிற அடுப்பல்ல அது. ஆகவே காலை 6 மணி முதல் 2 வரை ஏ ஷிஃப்ட், 10 வரை பி, மறுநாள் 6 வரை சி. வாரத்துக்கு 168 மணி நேரம் யாராவது நின்றாக வேண்டும். ஆளுக்கு 48 மணிக்கு மேல் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கறாராகச் சொன்னது. மூன்று குழுவை வைத்தால் தலைக்கு 56 மணி; சட்டம் இடிக்கும். நாலு குழு என்றால் 42, எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு நாள் ஏ, இரண்டு நாள் பி, இரண்டு நாள் சி, இரண்டு நாள் ஆஃப். மொத்தம் எட்டு நாள்.

பிளானிங் சாரின் துயரம் இந்த எட்டில்தான் பிறக்கிறது. அவர் கையில் இருப்பது பிரைமவேரா என்கிற திட்டமிடல் மென்பொருள். 1983-ல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு, 2008-ல் ஆரக்கிள் வாங்கியது. ஆயிரக்கணக்கான வேலைகளைக் கோத்து, எது தாமதமானால் எது சாயும் என்று நொடியில் சொல்லிவிடும். ஆனால் அதன் கேலண்டருக்கு ஏழு நாள் வாரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. திங்கட்கிழமைக்கு ஒரு தடவை சொன்னது எல்லாத் திங்கட்கிழமைக்கும் செல்லும். 'இந்தத் திங்கள் ஆஃப், அடுத்த திங்கள் நைட்டு, அதற்கடுத்த திங்களும் நைட்டு' என்று சொல்ல வழியில்லை. ஏழும் எட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக 56 நாள் ஆகும். அதுவரை ஒவ்வொரு தேதியும் விதிவிலக்கு.

எனவே மார்கழி பிறந்தால் ஊரெல்லாம் திருப்பாவை, அவர் அறையில் கிளிக் சத்தம். தேதியைத் தொடுவார், 'நான்வொர்க்' அழுத்துவார். அடுத்த தேதி, மறுபடி. இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்: "ஏ ஏ, பி பி, சி சி, ஆஃப் ஆஃப்." நடுவில் யாராவது "சார், டீ?" என்று கேட்டுவிட்டால் போச்சு, கணக்கு தவறிவிடும். ஜனவரி 1-லிருந்து திரும்ப ஆரம்பிப்பார். நாலு குழுவுக்கும் ஒரு வருஷம் முழுக்க இப்படி.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டில் விதிவிலக்கையே 'எட்டு நாளைக்கு ஒரு தரம்' என்று திரும்ப வரவைக்கலாம் என்று யாராவது அப்பாவியாக எடுத்துச் சொன்னால், அவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். "அது கல்யாண மண்டபம் புக் பண்ற ஆளுங்களுக்கு சார்." அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் அதே மென்பொருளைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்பது ஹவுஸ்கீப்பிங் ஆளுக்கு மட்டும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எது தாமதமானால் எது சாயும் என்று சொல்லும் கிரிட்டிக்கல் பாத் கணக்கை 1957 வாக்கில் உருவாக்கியதில் ஒரு பங்கு டூபாண்ட் கம்பெனிக்கு. நாலு குழுவைப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் நாலு வாரத்துக்குச் சுழற்றும் முறை ஒன்றுக்கும் உலகமெங்கும் டூபாண்ட் ஷிஃப்ட் என்றே பெயர். ஒரே கம்பெனியைத் தொட்டு நிற்கும் இந்த இரண்டும் இன்றுவரை மென்பொருளுக்குள் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

எட்டாவது நாளையாவது பொறுமையால் வெல்லலாம். நள்ளிரவு அப்படியல்ல. வெள்ளி, சனி இரண்டு நாளும் சி ஷிஃப்ட் பார்ப்பவர் இரண்டு நைட்டு பார்த்ததாகத்தான் வீட்டில் சொல்வார். மென்பொருளுக்கு அது மூன்று தேதி: வெள்ளி கடைசி இரண்டு மணி நேரம், சனி முதல் ஆறும் கடைசி இரண்டும், ஞாயிறு முதல் ஆறு. ஞாயிறு ஆஃப்தானே என்று அந்தத் தேதியை அப்படியே 'நான்வொர்க்' ஆக்கினால் தீர்ந்தது கதை. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வேலை தொடங்கிய வெல்டர், 12 அடித்ததும் ஹோல்டரைப் போட்டுவிட்டுப் போய், மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு வந்து முடிப்பதாகப் பட்டை நீளும்.

பிளானிங் சாருக்கு இந்த இடத்தில் ரத்தம் கொதிக்கும். அந்தப் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை ஒப்பிப்பார்: நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டில், நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணி நேரம் முந்தின நாள் கணக்கில் சேரும்; அவருடைய விடுமுறை ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்துப் போடுவார். "இதுல மட்டும் என்ன வாழுதாம்? சூரியன் உதிச்சாத்தான் அடுத்த நாள். ஏழு நாள் வாரம் ஒரு பக்கம் ஓடுது, பதினஞ்சு திதி ஒரு பக்கம், இருபத்தேழு நட்சத்திரம் ஒரு பக்கம். ஒண்ணு இன்னொண்ண இடிக்குதா? கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல போட்ட கணக்கு!" எதிரில் இருப்பவர் கூலி பில்லில் கையெழுத்து வாங்க வந்த கான்ட்ராக்டராக இருப்பார். தலையாட்டிவிட்டுப் போவார்.

வருடாந்திர ஷட்டவுன் வந்தால் சாரின் குரல் ஒரு சுருதி ஏறும். கில்னை நிறுத்தி, ஆறவைத்து, உள்ளே தேய்ந்துபோன தீக்கல்லைப் பெயர்த்து, புதுக்கல் அடுக்கி, மெல்லச் சூடேற்ற வேண்டும். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி தம்பி கில்ன் ஆறுவதற்கு 48 மணி நேரம் என்று சரியாகத்தான் போடுவான். ஆனால் பன்னிரண்டு மணி நேரப் பகல் ஷிஃப்ட் கேலண்டரில் மாட்டிவிடுவான். திட்டத்தில் கில்ன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறுவதை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி ஆறத் தொடங்கும். இரண்டு நாள் நாலாகிவிடும்.

"ஏன் தம்பி, சூடு ஆறுறதுக்கு யாரு பன்ச் அடிக்கணும்?"

"சார், ஆறும்போது கில்னை அப்பப்ப திருப்பிவிடணும், இல்லேன்னா ஷெல் வளைஞ்சிரும்னு ஃபோர்மேன் சொன்னாரு. அதுக்கு ஆள் வேணும்ல சார்?"

நியாயமான கேள்வி. சார் பதில் சொல்லாமல் எஃப்9 அழுத்துவார். அந்த விசையை அழுத்தினால் மொத்தத் திட்டமும் புதிதாகக் கணக்கிடப்படும். பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் அவர் அதைத்தான் அழுத்துவார்.

அவருக்கு வரும் பெரிய ஆபத்து கில்னிலிருந்து அல்ல, 'குளோபல்' கேலண்டரிலிருந்து. கம்பெனியின் எல்லாத் திட்டங்களும் பொதுவாக உபயோகிக்கும் கேலண்டர் அது. யாராவது கை வைத்தால் அதை நம்பியிருக்கும் அத்தனை திட்டமும் அடுத்த எஃப்9-ல் நகரும். யாரோ ஒரு புண்ணியவான் நல்லெண்ணத்தோடு அதில் ஆயுத பூஜை விடுமுறையைச் சேர்த்துவிடுவார். மஸ்கட்டில் வெள்ளி, சனி லீவு விட்டு ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் சரஸ்வதியை வணங்கி ஒரு நாள் நிற்கும்.

ஆனால் ஆலைக்குள் யார் எந்த ஷிஃப்டில் நிற்கிறார்கள் என்பது இந்த எந்தக் கேலண்டரிலும் இல்லை. அது ஃபோர்மேனின் சட்டைப் பையில் மடித்துவைத்த எண்பது பக்க நோட்டில் இருக்கிறது. சார் அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில், வாரம் முடிவதற்குள் பேனாக் கோடுகள் விழுந்திருக்கும். இவருக்கு அவர், அவருக்கு இவர் என்று எல்லாம் மியூச்சுவல்.

"அண்ணே, சி குரூப்ல ஆறு பேர் இருக்கணும். எட்டு பேர் நிக்கிறாங்க. என்னண்ணே இது?"

"ரெண்டு பேரு பி குரூப்புங்க சார். வைகாசில முகூர்த்தம் இருக்குல்ல, அதுக்கு இப்பவே அடைச்சுக்கிறாங்க."

"இதெல்லாம் எங்கிட்ட சொல்ல வேணாமா?"

"சொன்னா நீங்க திரும்பவும் ஜனவரிலேர்ந்து ஆரம்பிப்பீங்களேன்னுதான் சார்."

இத்தனைக்கும் ஆட்கள் அவரை மதிக்காமல் இல்லை. எட்டு வாரத்துக்கு இரண்டே இரண்டு ஞாயிறுதான் ஆஃப் வரும். அது எந்த ஞாயிறு என்று தெரிந்துகொள்ள மாடியேறி வருவார்கள். தங்கச்சி கல்யாணம், குலதெய்வம் கோயில் கெடா வெட்டு, பையனுக்குக் காது குத்து, எல்லாவற்றுக்கும் முதலில் ஜோசியரைப் பார்ப்பார்கள், பிறகு இவரை. இரண்டும் ஒத்துவராவிட்டால் ஜோசியரிடம்தான் வேறு தேதி கேட்பார்கள்.

அவருக்கென்று தனி ஷிஃப்ட் கிடையாது. ஜெனரல் ஷிஃப்ட், காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். முடிகிற நேரத்தை எந்தக் கேலண்டரிலும் அவர் போட்டதில்லை.

ஷட்டவுன் முடிந்து கில்ன் பற்றவைத்தாயிற்று. குறித்த நேரத்தைவிட எட்டு மணி நேரம் தாமதம். ஆலையில் நடக்கக்கூடியதுதான், யாரும் கவலைப்படவில்லை. ஆனால் மென்பொருள் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்துக் காட்டும். ஆகவே ரிப்போர்ட்டில் 'தாமதம்: 1 நாள்' என்று வந்தது. ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். முந்தின மாதம்தான், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஒரே நாளில் முடியும் வேலை எப்படி 1.5 நாள் என்று காட்டுகிறது என்று அவர் கோபப்பட, சார் அரை மணி நேரம் விளக்கியிருந்தார்.

இந்தத் தடவை விளக்கவில்லை. அறைக்குத் திரும்பினார். செட்டிங்கில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றிருந்ததை இருபத்துநாலு ஆக்கினார். தாமதம் 0.33 நாள் ஆனது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தசமப் புள்ளியைக் காட்ட வேண்டாம் என்று மாற்றினார். புது ரிப்போர்ட்டில் 'தாமதம்: 0 நாள்'.

ஜி.எம். பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்த்தீங்களா, கொஞ்சம் முனைஞ்சா எல்லாம் டைமுக்கு நடக்கும்."